பழைய மரவீட்டை விறகால் சூடாக்குவது: நோர்வேயில் வீடு வாங்கியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

"எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும்" என்று அம்மா சொல்லுவார். உலை பொங்கினால் அவர் பதறமாட்டார். அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை வெளியே இழுத்து மண்ணில் குத்துவார், உலை அடங்கிவிடும். நோர்வேயில் பழைய வீடொன்றை வாங்கி, கூடத்தில் நின்ற இரும்புக் கணப்போடு இரண்டு குளிர்காலம் மல்லுக்கட்டிய பிறகுதான் அந்தப் பழமொழி எனக்கு முழுதாக விளங்கியது. நான் செய்தது நேர்மாறு. கணப்பு நிறைய விறகை அடைத்தேன். சூடு மிஞ்சியதும் காற்றுத் திறப்பை இறுக மூடினேன். விறகு உள்ளே புழுங்கியது, கண்ணாடி கறுத்தது, திரைச்சீலையெல்லாம் புகை நாறியது. காலையில் எழுந்தால் வீடு பழையபடி குளிர்ந்து கிடக்கும்.

சூட்டைக் கூட்டுவதும் குறைப்பதும் விறகால். காற்றை நெரித்தல்ல. இந்த வழிகாட்டியில் பாதி இதுதான். மற்றப் பாதி, விறகு காய்ந்திருக்கவேண்டும் என்பது. மீதியெல்லாம் இவை இரண்டுக்கும் துணை.

ஒஸ்லோவைச் சுற்றி நம்மவர்கள் வாங்கும் பழைய தனிவீடுகளில் ஒரே சாடை தெரியும். 1946இல் தொடங்கிய அரசு வீட்டுக்கடன் வங்கியான ஹூஸ்பாங்கனின் கடனில் போருக்குப் பின் கட்டியவை அநேகம். ஒன்றரை மாடி, சரிவான கூரை, கீழே நிலவறை, வீட்டின் நடுவே செங்கல் புகைபோக்கி. நடுவில் புகைபோக்கி இருப்பது பெரிய வரம். அந்தச் செங்கல் தூண் ஏற்றுக்கொள்ளும் சூடு வெளிச்சுவரால் வீணாகாமல் மாடியறைகளுக்கும் கிடைக்கும். அப்படிப்பட்ட 80 முதல் 120 சதுர மீட்டர் வீட்டை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

1. கணப்புக்கு முன் கூரை

புதுக் கணப்பு வாங்கக் கடைக்கு ஓடுவதற்கு முன் ஏணி வைத்துக் கூரைப்பரணில் ஏறிப் பாருங்கள். அந்தக் காலத்தில் வெப்பக் காப்புக்கு மரத்தூளும் மரச்சீவலும் கொட்டியிருப்பார்கள். எழுபது ஆண்டுகளில் அது அமிழ்ந்து பாதியாகியிருக்கும். சூடான காற்று மேலே ஏறும். அங்கே தடுப்பு இல்லையென்றால் நீங்கள் எரிக்கும் விறகில் ஒரு பங்கு வானத்துக்குத்தான். பரணின் தரையில் கனமாகக் கண்ணாடி நாரோ செலுலோசோ பரப்புவதுபோல் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் வேலை வேறில்லை. ஒன்று மட்டும் கவனம்: கூரை விளிம்பில் காற்று போகும் இடைவெளியை அடைத்துவிடாதீர்கள். அடைத்தால் ஈரம் தங்கி மரம் உளுக்கும்.

அடுத்தது கசிவு. அதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம், சாமியறையில் இருக்கும் ஊதுவத்தி போதும். காற்று வீசும் குளிர்நாளில் வத்தியைக் கொளுத்தி சன்னல் ஓரம், கதவடி, சுவரும் தரையும் சேரும் மூலைகள் என்று மெல்ல நகர்த்துங்கள். புகை கோணுகிற இடத்தில் குளிர் நுழைகிறது. ரப்பர் பட்டை ஒட்டினால் முடிந்தது.

ஆனால் எல்லாத் துவாரத்தையும் அடைத்து வீட்டைப் போத்தலாக்கிவிடவும் கூடாது. 1 கிலோ விறகு எரிய நடைமுறையில் 8 முதல் 10 கன மீட்டர் காற்று வேண்டும். சமையலறையில் புகை உறிஞ்சி ஓடும்போது கணப்பைத் திறந்தால் அறைக்குள் புகை அடிக்கிறதா? வீடு காற்றுக்குத் திணறுகிறது என்று பொருள். கணப்புக்கு அருகே சுவரில் மூடித் திறக்கக்கூடிய காற்றுத்துளை ஒன்று போடுங்கள், அல்லது வெளிக்காற்றைக் குழாய் வழியாக நேரே எடுக்கும் கணப்பை வாங்குங்கள். அதுவரை, நெருப்பு மூட்டும்போது உறிஞ்சியை நிறுத்திவிட்டுச் சன்னலைச் சிறிது திறந்துவைப்பது போதும்.

2. புகைபோக்கியைச் சோதிக்காமல் தீக்குச்சி கிழிக்காதீர்கள்

வீடு வாங்கிய கையோடு நகராட்சியின் தீயணைப்புப் பிரிவை அழைத்து, புகைபோக்கி துப்புரவாளர் கடைசியாக எப்போது வந்தார், ஏதாவது குறை எழுதிவைத்தாரா என்று கேளுங்கள். அவரை இங்கே 'ஃபையர்' என்பார்கள். ஆங்கிலத்தில் நெருப்பைச் சொல்வதுபோலவே காதில் விழும், வேலையும் அதோடுதான். முன்பு குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்தார்கள். 2016 முதல் அந்தந்த வீட்டின் தேவையையும் ஆபத்தையும் பார்த்து வருகிறார்கள். கூரைமேல் அவர் பாதுகாப்பாக ஏற ஏணியும் படியும் வைத்துக்கொடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு.

பழைய செங்கல் புகைபோக்கியின் குறைந்தது இரண்டு பக்கங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும். வெடிப்பு விட்டால் தெரியவேண்டுமே. எங்கள் வீட்டின் பழைய சொந்தக்காரர் அழகுக்காக மாடியில் நான்கு பக்கமும் பலகை அடித்திருந்தார். பலகையைக் கழற்றியபோது உள்ளே பழுப்பு நிறத்தில் தார் வழிந்த கறை. நல்லவேளை, கழற்றினோம். நிலவறையில் கரி எடுக்கும் சிறிய இரும்புக் கதவு இருக்கும். அதைச் சுற்றி 30 சென்டிமீட்டருக்குள் அட்டைப்பெட்டி, விறகு, பிள்ளைகளின் பழைய சைக்கிள் என்று எதையும் வைக்காதீர்கள்.

செங்கல் பிளந்திருந்தாலும் சாந்து உதிர்ந்திருந்தாலும் புகைபோக்கியை இடிக்கவேண்டியதில்லை. உள்ளே உருக்குக் குழாய் இறக்கலாம். செலவுதான், ஆனாலும் அந்தச் செலவைச் செய்யாமல் நெருப்பு மூட்டவேண்டாம்.

3. இருக்கும் கணப்பை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா

திறந்த கணப்பு பார்க்க அழகு. அதன் பயன்திறன் 10, 15 விழுக்காடுதான். அறையின் சூடான காற்றையே உறிஞ்சிப் புகைபோக்கி வழியே அனுப்பிவிடுவதால், கடுங்குளிரில் வீட்டை அது குளிர்விக்கவும் கூடும். நத்தார் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டைச் சூடாக்க நம்பாதீர்கள்.

மூடிய பழைய இரும்புக் கணப்பு விறகின் சக்தியில் 40 முதல் 60 விழுக்காட்டை அறைக்குத் தரும். புதியது 75க்கு மேல் தரும். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் மற்ற எல்லாமே தெளிவாகிவிடும். விறகு நேராக எரிவதில்லை. சூடேறியதும் அதன் எடையில் பெரும்பகுதி வாயுவாக வெளியேறுகிறது. நாம் சுவாலை என்று காண்பது அந்த வாயு எரிவதைத்தான். வாயு எரிய ஏறத்தாழ 600 பாகைக்கு மேல் சூடும், போதிய காற்றும் வேண்டும். பழைய கணப்பில் கீழிருந்து மட்டும் காற்று வரும். வாயுவில் ஒரு பங்கு எரியாமலே புகையாகவும் தாராகவும் போய்விடும். புதிய கணப்பில் மேற்புறத் துளைகள் வழியாகச் சூடாக்கிய காற்று இரண்டாம் தடவை ஊட்டப்படுகிறது. புகையே எரிபொருளாகிவிடுகிறது.

1998க்குப் பிறகு நோர்வேயில் விற்பனைக்கு வந்த கணப்புகள் இந்தத் தூய எரிப்பு விதிக்கு உட்பட்டவை. 1 கிலோ விறகுக்குச் சராசரியாக 10 கிராமுக்கு மேல் துகள் வெளியேறக்கூடாது என்பது அப்போது வந்த வரம்பு. உங்களுடையது எது என்று அறிய எரியறையின் மேற்பக்கத்தில் வரிசையான சிறு துளைகள் உண்டா என்று பாருங்கள். பின்பக்கத் தகட்டையும் படியுங்கள். மலைகளுக்கு நடுவே குளிர்காற்று தேங்கும் பேர்கன் நகரில் 2021 ஜனவரி 1 முதல் பழைய வகையை எரிப்பதே தடை. வேறு பல நகராட்சிகள் மாற்றுவதற்கு மானியம் கொடுத்து வந்திருக்கின்றன. கடைக்குப் போகுமுன் உங்கள் நகராட்சியில் கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் கிடைக்காமல் போகலாம்.

வாங்கும்போது நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு: "பெரிதாக எடுப்போம், நல்லாய்ச் சுடும்." பெரிய கணப்பு சிறிய கூடத்தில் பத்து நிமிடத்தில் வியர்க்க வைக்கும். உடனே காற்றை மூடுவீர்கள். பிறகு அதே புழுக்கம், அதே தார். மேலே சொன்ன அளவு வீட்டுக்கு 5 கிலோவாட் சுற்றிய கணப்பு பெரும்பாலும் போதும். வேலை முடிந்து வந்து மாலையில் மூட்டுபவருக்கு வார்ப்பிரும்பு நல்லது, சீக்கிரம் சூடேறும். பகலெல்லாம் வீட்டில் இருப்பவருக்கு மாக்கல் பொதிந்த கணப்பு. மெல்லச் சூடேறி, நெருப்பு அணைந்த பிறகும் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக இருக்கும்.

பொருத்தும் வேலையை நீங்களே செய்யலாம். ஆனால் தகுதியுள்ள ஒருவர் பார்த்து உறுதிசெய்யவேண்டும், தீயணைப்புப் பிரிவுக்கும் தெரிவிக்கவேண்டும். எரியக்கூடிய சுவரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளி வைப்பது என்பது தகட்டில் எழுதியிருக்கும். பழைய வீட்டில் சுவரெல்லாம் பலகை, ஆகவே அந்த எண்ணோடு விளையாடவேண்டாம். கணப்புக்கு முன்னால் தரையில் எரியாத தகடு போடவேண்டும். பொறி பறப்பது எப்போது என்று நெருப்பு சொல்லிவிட்டா செய்கிறது?

4. விறகு

ஊரில் விறகைப் பற்றி யாரும் பாடம் எடுத்ததில்லை. பனைமட்டை சடசடவென்று எரிந்து ஓயும், பன்னாடை பற்றவைக்க, பொச்சு மெல்லப் புகைந்து தணல் காக்கும், சிரட்டை உக்கிரமாக எரியும். கை தானாக அறிந்திருந்தது. அந்த அறிவை இங்குள்ள மரங்களுக்கு மாற்றிக்கொள்வதுதான் வேலை.

பேர்ச் மரம் இங்கே அரசன். கனமானது, சீராக எரியும், தணலும் நல்ல தணல். அதன் வெள்ளைப் பட்டையில் எண்ணெய்ப் பசை உண்டு. நம் பன்னாடையின் இடத்தில் இதை வைத்துக்கொள்ளலாம். ஸ்ப்ரூஸ், பைன் இரண்டும் இலகுவானவை, சட்டென்று பற்றும், வெடித்துப் பொறி பறக்கும். மூட்டுவதற்கும் இலையுதிர்கால மாலைகளுக்கும் ஏற்றவை. "பேர்ச்சில்தான் சூடு அதிகம்" என்பார்கள். கிலோவுக்குக் கிலோ பார்த்தால் எல்லா மரமும் ஏறத்தாழ ஒன்றே: நன்றாகக் காய்ந்த 1 கிலோ விறகில் 4 கிலோவாட் மணி. பேர்ச் அடர்த்தி மிக்கது என்பதால் அதே சாக்கில் அதிகக் கிலோ இருக்கிறது, அவ்வளவுதான். ஸ்ப்ரூஸ் மலிவாகக் கிடைத்தால் வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

மரத்தை விட ஈரம் முக்கியம். வெட்டிய கையோடு பேர்ச்சின் எடையில் பாதிக்குச் சற்றே குறைவாகத் தண்ணீர் இருக்கும். எரிக்கும்போது அது 20 விழுக்காட்டுக்குக் கீழே வந்திருக்கவேண்டும். ஈர விறகில் நெருப்பு முதலில் தண்ணீரைக் கொதிக்கவைக்கிறது. அந்தச் செலவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதைவிடக் கெடுதி, எரியறையின் சூடு இறங்கி மேலே சொன்ன வாயு எரியாமல் போவது. பணமும் புகையாகிறது, புகைபோக்கியும் தாராகிறது.

காய்ந்ததா என்று அறியும் வழிகள்:

இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கணீரிடும், ஈரமானது 'தொப்'. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெடிப்புகள் ஓடியிருக்கவேண்டும். ஈரமானி மலிவுதான், ஆனால் அதை விறகின் வெளிப்புறத்தில் குத்தினால் பொய் சொல்லும். துண்டைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள். எனக்குப் பிடித்தது இங்குள்ள பழைய விறகுக்காரர் ஒருவர் காட்டிய வித்தை: பேர்ச் துண்டின் ஒரு முனையில் பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தைத் தடவி, மறுமுனையில் வாய் வைத்து ஊதவேண்டும். காய்ந்த மரத்தின் நுண்குழல்கள் வழியே காற்று போய் நுரை கட்டும். ஊதுகுழல் ஊதி வளர்ந்த நமக்கு இது சுலபம்.

வாங்கும்போது அளவில் ஏமாறவேண்டாம். 40, 60 லிட்டர் சாக்குகளிலும் பெரிய மொத்தச் சாக்குகளிலும் விறகு அள்ளிக் கொட்டப்பட்டிருக்கும், அடுக்கியிருக்காது. அடுக்கிய 1 கன மீட்டர், கொட்டினால் ஒன்றரை மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். விளம்பரத்தில் எந்த அளவு என்று கேட்காமல் விலையை ஒப்பிட முடியாது. 'ஃபாவ்ன்' என்ற பழைய அளவு இன்றும் புழங்குகிறது: அடுக்கிய 2.4 கன மீட்டர். காய்ந்த பேர்ச்சில் அது ஏறத்தாழ 1 டன், அதாவது 4,000 கிலோவாட் மணி அளவு.

சொந்தமாகக் கொத்துபவர்கள் குளிர்கால முடிவில், மரம் துளிர்க்குமுன் வெட்டிக் கொத்திவிடவேண்டும். பேர்ச்சைக் கொத்தாமல் உருட்டாகப் போட்டுவைத்தால் அந்த அழகான பட்டை மழைச்சட்டைபோல் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே உக்கத் தொடங்கிவிடும். 30 சென்டிமீட்டர் நீளம், கைப்பிடி கொள்ளும் தடிப்பு. கடுங்குளிரில் உறைந்த மரம் கோடாலிக்கு இளகும், இதைக் கையில் கொப்புளம் வந்த பிறகே அறிந்தேன்.

அடுக்குவது இப்படி: மண் தொடாமல் பழைய மரத்தட்டுகளின் மேல், வெயிலும் காற்றும் படும் பக்கத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, மேலே மட்டும் தகரம் அல்லது பலகை. பக்கங்களைத் தார்ப்பாயால் போர்த்துவது பலரும் அக்கறையோடு செய்யும் பிழை. ஈரம் போக வழியில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும். வசந்தத்தில் அடுக்கியது நல்ல கோடை கிடைத்தால் இலையுதிர்காலத்தில் தயார். எரிப்பதற்கு ஓரிரு நாள் முன்பே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தால் பனிக்கட்டி விறகோடு நெருப்பு போராடவேண்டியிராது.

எரிக்கக் கூடாதவை: பெயின்ட் அடித்த பலகை, பச்சை நிறம் ஏறிய பதப்படுத்திய மரம், ஒட்டுப்பலகை, பால் அட்டைப்பெட்டி, கடற்கரையில் பொறுக்கிய உப்பு ஊறிய மரம். பழைய பதப்படுத்திய மரத்தில் ஆர்சனிக் இருக்கிறது. கடல் உப்பு இரும்பை அரிப்பதோடு நச்சுவாயுவும் கிளப்பும். வீடு திருத்தியபோது மிஞ்சிய பலகை கண்ணை உறுத்தும்தான். குப்பை நிலையத்துக்கே அனுப்புங்கள்.

5. மேலிருந்து மூட்டுதல்

நாம் பழகியது: கீழே சுள்ளி, மேலே விறகு. இங்கே அதைத் தலைகீழாக்கவேண்டும்.

கணப்பின் தரையில் ஓரிரு சென்டிமீட்டர் சாம்பல் இருக்கட்டும். அதன்மேல் நடுத்தரத் துண்டுகள் இரண்டு அல்லது மூன்று, இடையே விரலளவு இடைவெளி விட்டு. மேலே விரல் தடிப்புச் சிராய்களைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று நான்கு அடுக்கு. உச்சியில் பேர்ச் பட்டையோ மெழுகுக் கட்டியோ. காற்றுத் திறப்புகள் முழுவதும் திறந்திருக்க, உச்சியில் நெருப்பு வையுங்கள்.

மெழுகுவர்த்திபோல் நெருப்பு மேலிருந்து இறங்கும். கீழ் விறகு மெல்லச் சூடேறி வாயு விட, அது சுவாலையைக் கடந்தே மேலே போகவேண்டியிருப்பதால் வழியில் எரிந்துவிடும். புகைபோக்கியும் முதல் நிமிடத்திலேயே சூடாகி இழுக்கத் தொடங்கும். கீழிருந்து மூட்டினால் குளிர்ந்த பெரிய விறகின்மேல் சுவாலை மோதிப் புகைதான் எழும். என் மனைவி இதை நம்பவேயில்லை. ஒருநாள் வெளியே நின்று புகைபோக்கியைப் பார்க்கச் சொன்னேன். அதன் பிறகு வீட்டில் அவர்தான் மூட்டுகிறார்.

பல நாள் மூட்டாத வீட்டில், புகைபோக்கிக்குள் குளிர்காற்று தக்கைபோல் அடைத்து நிற்கும். கதவைத் திறந்ததும் முகத்தில் சில்லென்று காற்று அடித்தால் அதுதான். ஒரு செய்தித்தாளைக் கசக்கி எரியறையின் மேற்பகுதியில் பிடித்து எரியுங்கள். தக்கை கழன்று 'ஊ' என்று இழுக்கும் ஒலி கேட்கும். பிறகு மூட்டுங்கள்.

6. எரியவிடுதல்

10, 15 நிமிடத்தில் எல்லாத் துண்டும் பற்றியதும், கீழிருந்து காற்று விடும் மூட்டுத் திறப்பை மூடி, மேற்காற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சுவாலை மஞ்சளாகத் துள்ளவேண்டும். சோம்பலாக, செம்மை கலந்து, நுனியில் கருமை கட்டினால் காற்று போதவில்லை. பேயாக இரைந்தால் மிஞ்சிவிட்டது. எரியறைக் கல் வெளிறிய நிறமாகவும் கண்ணாடி தெளிவாகவும் இருந்தால் நீங்கள் சரியாகச் செய்கிறீர்கள். கண்ணாடி கறுத்தால் ஏதோ பிழை: ஈரம் அல்லது மூச்சுமுட்டல்.

இனி பழமொழிக்கு வருவோம். சூடு போதும் என்று தோன்றினால் அடுத்த துண்டைப் போடாதீர்கள். அவ்வளவுதான். அடுத்த தடவை சிறிய துண்டாக, ஒன்று குறைத்துப் போடுங்கள். கூடக் குளிர்ந்தால் அடிக்கடி போடுங்கள். ஒரே தடவையில் நிறையப் போடவேண்டாம். ஒரு தடவைக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ, அதாவது இரண்டு மூன்று துண்டு. சுவாலை ஓய்ந்து தணல் மட்டும் செவ்வெனக் கிடக்கும் நேரம்தான் அடுத்ததைப் போடும் நேரம். தணலை முன்னால் இழுத்து, விறகைப் போட்டு, சில நிமிடம் காற்றைத் திறந்து பற்றவிட்டு, பிறகு குறையுங்கள்.

கணக்கு இப்படி: 1 கிலோவில் 4 கிலோவாட் மணி; புதிய கணப்பு அதில் 3ஐ அறைக்குத் தரும். வெளியே உறைநிலைக்குக் கீழே 10 பாகை இருக்கும் மாலையில் மூன்று கிலோவாட்டைக் கணப்பிலிருந்து எதிர்பார்த்தால் மணிக்கு 1 கிலோ. மாலை ஐந்து முதல் பத்து வரை 5 கிலோ. ஒரு பருவத்தில் 150 மாலை என்றால் 750 கிலோ. ஒரு ஃபாவ்னுக்கும் குறைவு. நான் முதல் ஆண்டில் எரித்தது இதைப்போல் இரண்டு மடங்கு, குளிர்ந்தது அதைவிட.

இரவுக்கு விறகை அடைத்துக் காற்றை மூடி, விடியும்வரை கனலவிடும் பழக்கம் பழைய தலைமுறை நோர்வேக்காரரிடம் உண்டு. அதற்கென்றே செய்த கணப்புகளும் இருந்தன. பழைய வீட்டுக்கு அந்தப் பழக்கத்தைப் போல் ஆகாதது எதுவுமில்லை. குளிர்ந்த புகை புகைபோக்கியில் தாராகப் படியும். ஒருநாள் நீங்கள் நல்ல சூடான நெருப்பு மூட்டும்போது அந்தத் தார் பற்றிக்கொள்ளும்.

அப்படிப் பற்றினால் விமானம் கிளம்புவதுபோல் இரைச்சல் கேட்கும், புகைபோக்கி உச்சியில் தீப்பொறி சீறும். கணப்பின் காற்றையும் கதவையும் மூடுங்கள், எல்லாரையும் வெளியே அனுப்புங்கள், 110ஐ அழையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான செங்கல் வெடிக்கும். தானாக அணைந்ததுபோல் தெரிந்தாலும், புகைபோக்கி துப்புரவாளர் சோதித்து அனுமதிக்கும்வரை மறுபடி மூட்டக்கூடாது.

7. சூட்டை அறைகளுக்கு அனுப்புதல்

கூடத்தில் 26 பாகை, படுக்கையறையில் 14. பழைய வீடுகளின் நிரந்தரக் குறை. சூடான காற்றை மின்விசிறியால் தள்ள எல்லாரும் முயல்வார்கள். நேர்மாறாகச் செய்யுங்கள்: குளிர்ந்த அறையின் தரையில் சிறிய விசிறியை வைத்து, அங்குள்ள குளிர்காற்றைக் கணப்பை நோக்கித் தள்ளுங்கள். குளிர்காற்று கனமானது, தரையோடு சுலபமாக ஓடும். அது காலி செய்த இடத்துக்குச் சூடான காற்று மேலாகத் தானே வந்து சேரும். கதவுகள் திறந்திருக்கட்டும். மாடிக்கு விசிறி வேண்டாம். படிக்கட்டே போதும், சில வேளை அளவுக்கு மிஞ்சியும் போகும்.

8. சாம்பலும் காவலும்

சாம்பலுக்குள் தணல் நாட்கணக்கில் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரச்சுவருக்கு எட்ட, கல்லின்மேல் வையுங்கள். பிளாஸ்டிக் வாளியும் காகிதப் பையும் வேண்டவே வேண்டாம். ஆறிய சாம்பலைப் புல்தரைக்குத் தூவலாம்; சுண்ணாம்புபோல் மண்ணின் புளிப்பை முறிக்கும். புளிப்பு மண் விரும்பும் புளூபெரிச் செடிக்குப் போடாதீர்கள். ஈரச் செய்தித்தாளைச் சாம்பலில் தொட்டுத் தேய்த்தால் கறுத்த கண்ணாடி பளிச்சிடும். சாம்பலால் சட்டி துலக்கிய வீட்டில் வளர்ந்தவன், கடையில் கண்ணாடி துடைக்கும் திரவம் வாங்கிய நாளை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

ஒவ்வொரு மாடியிலும் புகை எச்சரிக்கைக் கருவி சட்டப்படி இருக்கவேண்டும். அதோடு கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் வாங்கிவிடுங்கள். அந்த வாயுவுக்கு மணமில்லை. தணல் இருக்கையில் காற்றை முழுதும் மூடிவிட்டுத் தூங்குவதுதான் அதற்கு வழி திறக்கிறது. தவழும் பிள்ளை இருந்தால் கணப்பைச் சுற்றிக் கம்பி வேலி.

9. கட்டுப்படியாகுமா?

2021 பிற்பகுதியில் தெற்கு நோர்வேயில் மின்கட்டணம் எகிறியபோது எல்லாரும் விறகுக்கு ஓடினோம். ஓடியவர்களில் சிலருக்கு இலாபம், சிலருக்கு நட்டம். ஒரு சாக்கை நிறுத்துப் பாருங்கள். அதன் கிலோவைப் புதிய கணப்பென்றால் 3ஆலும் பழையதென்றால் 2ஆலும் பெருக்குங்கள். கிடைப்பது உங்கள் அறைக்கு வரும் கிலோவாட் மணி. சாக்கின் விலையை அதால் வகுத்து மின்கட்டணத்தோடு வைத்துப் பாருங்கள். எரிபொருள் நிலைய வாசலில் விற்கும் சிறிய சாக்கு இந்தக் கணக்கில் பெரும்பாலும் தோற்கும். விவசாயியிடம் ஃபாவ்ன் கணக்கில் வாங்கி நீங்களே அடுக்கிய விறகு வெல்லும்.

வெப்பப் பம்பி இருக்கும் வீட்டில் மிதமான குளிருக்கு அதையே ஓடவிடுங்கள். ஒரு பங்கு மின்சாரத்துக்கு மூன்று பங்கு வரை சூடு தரும் கருவியோடு விறகு போட்டி போடமுடியாது. வெளியே குளிர் இறங்க இறங்க அதன் திறன் குறையும், ஊரே சமைத்துக் குளிக்கும் மாலையில் மின்விலையும் ஏறும். அந்த நாலைந்து மணி நேரத்துக்குத்தான் கணப்பு. மின்சாரம் நின்றுபோகும் இரவுக்கும்.

விறகை ஒக்டோபரில் தேடாதீர்கள். அப்போது விலை ஏறியிருக்கும், கிடைப்பதும் அரைக்காய்ச்சலாக இருக்கும். மே மாதத்தில் விவசாயியை அழையுங்கள். பச்சை விறகென்று விலை குறைத்தே தருவார். யூன் பிறப்பதற்குள் அடுக்கி, தகரம் போட்டு, கற்களைப் பாரமாக வைத்துவிட்டால் கோடை அதன் வேலையைச் செய்யும். அடுக்கின் ஒரு முனையில் ஆண்டைச் சுண்ணாம்புக்கட்டியால் எழுதிவையுங்கள். பழையதை முதலில் எடுக்க அது உதவும்.